வட்டார வளர்ச்சியும் இளைஞர் தொண்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை இல்லாதவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு ஊரார் அனைவர்க்கும் பயன்பட வாழ்வது. அவ்வதிகாரத்தில் அவர் காட்டும் ஊருணியும் பழமரமும் மருந்துமரமும் வந்து போகும் பொருள்கள் அல்ல, ஓரிடத்தில் நிலைத்திருப்பவை. இளைஞர் தொண்டும் அவ்வாறு ஊரில் நிலைகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. அம்முகாம்களில் மாணவர் பெறும் பயன் பெரிது. எட்டாம் நாள் பேருந்து புறப்பட்டபின் ஊரில் எஞ்சுவது யாது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு விடை கூறும் சான்று புதுக்கோட்டை. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது அங்கே அறிவொளி இயக்கம் எழுந்தது. ஊதியம் பெறாத தொண்டர்கள் தத்தம் ஊரிலேயே மாலை வேளைகளில் கற்பித்தனர். பாட்டும் வீதி நாடகமும் மக்களை அழைத்து வந்தன. அரிச்சுவடி பின்னால் வந்தது. கூலி வேலைக்கும் கல்குவாரிக்கும் சென்ற பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அதில் ஏறின. பிறர் துணையின்றி வெளியே சென்று வரும் துணிவும் பிறந்தது. பெண்கள் குழுக்களே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தும் நடத்தின. மிதிவண்டிக்கெனப் பாட்டுக் கட்டியவரும் தொண்டர் ஒருவரே. கல்வியும் பிழைப்பும் தன்மதிப்பும் ஒன்றாய் இணைந்த இடம் அது.

ஆயினும், புதிதாய்க் கற்ற எழுத்து படிக்கப் பொருளின்றிக் கிடந்தால் மறந்துபோகும். அத்தகையோர்க்கு வேண்டியவை எளிய நடையில் அமைந்த கதையும் பாட்டும். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை 'இருளும் ஒளியும்' எனும் நூலாக்கினார். இலக்கியவாதிக்கும் ஊர்ப்பணிக்கும் உள்ள உறவை உணர விழைவோர் அதனைக் கற்க வேண்டும். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியும் குழந்தைகளின் குடியிருப்புக்கு அருகிலேயே தன்னார்வலரைத் தேடியது. வழி பழையதே, அது பயன் தரும் வழி.

அன்பர்களே, விழா என்றால் நாற்காலி அடுக்கவும் தேநீர் வழங்கவும் இளைஞரை அழைக்கிறோம். கணக்குப் புத்தகத்தையும் நிகழ்ச்சி வகுக்கும் பொறுப்பையும் அவர்களிடம் தருகிறோமா? பொறுப்புத் தராமல், இளைஞர் வருவதில்லை என்று வருந்துவது முறையாகாது.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் ஒரே ஒரு சிற்றூரைத் தேர்ந்துகொள்ளட்டும். அவ்வூர் இளைஞரும் இளம்பெண்களும் வாரம் ஒரு மாலை படிப்பு வட்டம் நடத்தட்டும். எந்நாள், எவ்விடம், எந்நூல் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நம் கவிஞர்கள் அங்கே தலைமை தாங்கச் செல்ல வேண்டாம். புதிதாய்ப் படிப்போர் வாய்விட்டுப் படிக்கத்தக்க பாடல்களை எழுதிக் கொடுத்து, கடைசி வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். எந்தச் சொல்லில் அவர்கள் தடுக்கி நிற்கிறார்கள் என்பதை அறிவது கவிஞர்க்கும் ஒரு கல்வியே.