பெயர்கள் நம்மிடம், வாகனங்கள் கவுன்சிலிடம்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். என்னைப் பேசக் கேட்டபோது வேறொரு விடயம் பேச விரும்புகிறேன் என்று செயற்குழுவிடம் சொன்னேன். மறுக்காமல் இடம் தந்தார்கள். 2021ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக் கொவிட் முடக்கத்தை மேற்குச் சிட்னியில் நாம் எப்படிச் சமாளித்தோம், அதில் உள்ளூர்க் கவுன்சில் என்ன செய்தது, நாம் என்ன செய்தோம் என்பதுதான் அந்த விடயம். கட்டுப்பாடுகள் நீங்கியவுடன் தள்ளிப்போட்ட கலியாணங்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் நடத்த ஓடினோம். அந்தக் காலத்தைப் பற்றி இருந்து கதைக்கவே இல்லை.

முதலில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஜூன் நடுப்பகுதியில் டெல்ரா தொற்று தலைகாட்டியது கிழக்கே, பொண்டைக் கடற்கரைப் பக்கத்தில். ஜூன் 26ஆம் திகதி சிட்னிப் பெருநகரம் முழுவதும் முடக்கப்பட்டது. அக்டோபர் 11 வரை அது நீடித்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே முடக்கம் இருக்கவில்லை. தொற்று மேற்கே நகர்ந்தபோது, வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத மக்கள் வாழும் 12 உள்ளூராட்சிப் பகுதிகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து 5 கிலோமீற்றருக்கு அப்பால் போக முடியாது. ஓகஸ்ட் 23 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு. உடற்பயிற்சிக்கு வெளியே போகவும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். பக்கத்திலுள்ள ஹில்ஸ் பகுதியில், காசில் ஹில்லிலும் கெலிவில்லிலும் இருந்த நம் உறவினர்களுக்கு இந்த ஊரடங்கு கிடையாது. அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம், இரண்டு விதமான இரவுகள்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் இராணுவத்தினர் சுமார் 300 பேர் பொலிஸாருக்கு உதவியாக இறக்கப்பட்டார்கள். அவர்கள் ஆயுதம் ஏந்தி வரவில்லை. வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு உணவுப் பொதிகளையும் கொண்டு வந்தார்கள். அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் சீருடை அணிந்த ஒருவர் வந்து கதவைத் தட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பது நம்மில் பலருக்கு வெறும் சுகாதார விசாரிப்பு அல்ல. இரவில் பொலிஸ் ஹெலிகொப்டர் தாழப் பறந்தபோது தன் தாயார் எழுந்து வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்ததை ஒரு மகள் என்னிடம் சொன்னார். அந்த அம்மா வன்னியிலிருந்து வந்தவர். அகதிகளாக வந்த மக்கள் இவ்வளவு அடர்த்தியாக வாழும் பகுதிக்கு இராணுவத்தை அனுப்புமுன் யாராவது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது இன்றும் என் கருத்து. மேற்குச் சிட்னியின் மேயர்கள் சிலர் அப்போதே அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார்கள். அந்த எதிர்ப்பு நமக்காகவும்தான் என்பது நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

கவுன்சில் என்றால் அதுவரை நமக்குக் குப்பை வாளியும் ரேட்ஸ் பில்லும்தான். எந்தக் கவுன்சிலில் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், வெஸ்ற்மீட் மூன்றும் கம்பர்லண்டுக்கும் பரமட்டாவுக்கும் இடையே பிரிந்து கிடக்கின்றன. துங்காபி மூன்று கவுன்சில்களுக்குள் கிடக்கிறது. பிளாக்டவுனும் அதில் ஒரு பங்காளி. ஜூலை கடைசியில் முதலில் கம்பர்லண்டும் பிளாக்டவுனும், சில நாள் கழித்துப் பரமட்டாவும் கடும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இடைப்பட்ட அந்த நாட்களில் ஒரே ஊர்ப்பெயரில், ஒரே கடையில் மரக்கறி வாங்குகிற இரண்டு குடும்பங்களில் ஒருவர் வேலைக்குப் போகலாம், மற்றவர் போக முடியாது. அப்போதுதான் பலர் ரேட்ஸ் பில்லைத் தேடி எடுத்துக் கவுன்சிலின் பெயரைப் பார்த்தார்கள். வாடகை வீட்டில் இருந்தவர்களிடம் அந்தப் பில்லும் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களைக் கவுன்சில் போடவில்லை. அவை மாநில அரசின் சுகாதார உத்தரவுகள். பொலிஸும் ஆஸ்பத்திரிகளும் மாநிலத்தின் கையில், விசாவும் எல்லையும் மத்திய அரசின் கையில். கவுன்சிலிடம் இருப்பது மண்டபம், நூலகம், பூங்கா, குழந்தைப் பராமரிப்பு நிலையம், வாகனங்கள், அந்தத் தெருக்களைத் தெரிந்த ஊழியர்கள். பெரிய அதிகாரம் இல்லைத்தான். ஆனால் வீட்டு வாசலுக்கு மிகக் கிட்ட நிற்கும் அரசு அதுதான்.

அந்த வாசல் திறக்க ஒரு பெயர் வேண்டும். யாருக்கு உதவி தேவை என்று தெரிந்தால்தானே வாகனம் புறப்படும்? 2020இல் மெல்பேர்ணில் யாரா பிளெண்டி என்ற பிராந்திய நூலகம் செய்ததை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நூலகங்கள் மூடப்பட்டபோது அதன் ஊழியர்கள் 70 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் பட்டியலை எடுத்தார்கள். 8,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, எப்படி இருக்கிறீர்கள், மருந்து இருக்கிறதா, சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா, யாராவது வந்து போகிறார்களா என்று கேட்டார்கள். புத்தகம் இரவல் கொடுக்க வைத்திருந்த பட்டியல் உயிர் காக்கும் பட்டியலாயிற்று.

நம் முதியவர்களில் எத்தனை பேர் நூலக உறுப்பினர்கள்? வெஸ்ற்மீட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியே இருந்த ஒரு மாமியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே மகன் வெளிநாட்டில். மாமியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அவரை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் காரில் ஏற்றிப் போகும் ஒரு தம்பிதான், கோயில் மூடிய பிறகும் தொலைபேசி எடுத்து விசாரித்தார். இரண்டு நாள் மாமி தொலைபேசியை எடுக்கவில்லை. தம்பி இருந்ததோ 5 கிலோமீற்றருக்கு அப்பால். கவுன்சிலுக்கு அழைத்தார். அவர்கள் அன்றைக்கே ஆள் அனுப்பினார்கள். மாமி காய்ச்சலில் கிடந்தார். மருத்துவரோடு பேச ஏற்பாடாயிற்று. உணவுப் பொதியும் வந்தது. உள்ளே மீன் தகரமும் இறைச்சிச் சூப்பும். மாமி சைவம். அதைக் கேள்விப்பட்ட பெண்டில் ஹில் கடைக்காரர் ஒருவர் அரிசி, பருப்பு, ரசப்பொடி, முருங்கையிலை என்று கட்டிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்குள் எல்லாம் இருக்கிறது. கவுன்சிலிடம் ஆளும் வாகனமும் இருந்தன, மாமியின் பெயர் இல்லை. நம்மிடம் பெயர் இருந்தது, அவரிடம் போகிற வழி இல்லை. பொதிக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற அறிவும் நம்மிடம்தான் இருந்தது. இவை மூன்றும் ஒரு தம்பியின் நல்ல மனத்தாலும் விடாமுயற்சியாலும் ஒன்று சேர்ந்தன. அந்தத் தம்பிக்கே தொற்று வந்து படுத்திருந்தால்?

உதவிக்கு முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும் என்பதைச் சீக்கிய சகோதரர்கள் நமக்கு முன்பே விளங்கிக்கொண்டிருந்தார்கள். டர்பன்ஸ் ஃபோர் ஒஸ்ரேலியா என்ற அவர்களுடைய அமைப்பு 2015இலேயே தொடங்கப்பட்டது. வெள்ளம், காட்டுத்தீ என்று ஓடி ஓடிப் பழகியவர்கள். முடக்கம் வந்தபோது மேற்குச் சிட்னியில் இனம் மதம் பார்க்காமல் உணவுப் பொதி விநியோகித்தார்கள். நம் வீடுகளுக்கும் வந்தது. அதன் நிறுவுநர் அமர் சிங்குக்கு 2023இல் நாட்டின் உள்ளூர் நாயகர் விருது கிடைத்தபோது நானும் மனம் நிறைந்து கை தட்டினேன்.

மொழி விடயத்தில் நம் இளையோர் செய்தது பெரிய காரியம். தினமும் காலை 11 மணிக்கு மாநிலப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசுவார். என்ன மாறியது, எந்தப் பகுதி சேர்ந்தது என்று கேட்டு, நம் பெண் பிள்ளைகள் சிலர் உடனே தமிழில் குரல் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இணையத்தில் தமிழ்ப் பிரசுரம் இருந்தாலும் அதைத் தேடிப் படிக்கும் முதியவர் எத்தனை பேர்? பேத்தி வயதுப் பிள்ளையின் குரல் காதுக்கு வந்தது. தடுப்பூசி பற்றிய பயத்தையும் குரல்தான் தீர்த்தது. அஸ்ராசெனெக்கா பற்றிய ஆலோசனை திரும்பத் திரும்ப மாறிக்கொண்டிருந்தது. ஜூலை 24இல்தான் சிட்னிப் பெரியவர்கள் எல்லாரும் கிடைக்கும் எந்தத் தடுப்பூசியையும் போடுவதை யோசிக்கும்படி நிபுணர் குழு சொன்னது. மாறியதற்குக் காரணம் என்ன என்று நம் தமிழ் மருத்துவர்கள் இரவு வேலை முடித்த களைப்போடு சூமில் வந்து விளக்கினார்கள். 131 450 என்ற எண்ணுக்கு அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார் என்பது இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியுமா? அந்தச் சேவை 1973 முதல் இருக்கிறது. இன்றைக்கே தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், உங்கள் அம்மாவின் தொலைபேசியிலும்.

நிரந்தர விசா இல்லாத நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2020இல், தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு 1,500 டொலர் வீதம், ஜொப்கீப்பர் என்ற சம்பள உதவி கொடுத்தார்கள். பிரிட்ஜிங் விசாவில் இருந்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் அது இல்லை. 2021இல் வந்த அனர்த்தக் கொடுப்பனவு வேலை செய்யும் உரிமையுள்ள தற்காலிக விசாக்காரருக்கும் கிடைத்தது. அது ஒரு முன்னேற்றம். வேலை உரிமையே இல்லாதவருக்கு இரண்டு ஆண்டிலும் இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் ஐந்தாறு பேராக இருந்து, இறைச்சித் தொழிற்சாலையிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்து நம் கோயில் திருவிழாவில் தேர் இழுத்த தோள்கள் அவை. அவர்களுக்கு விசா கொடுக்கக் கவுன்சிலால் முடியாது. ஆனால் உணவுப் பொதி கேட்டு வந்தவரிடம் விசாவைக் கேட்காமல் இருக்க முடியும். மேற்கில் உதவி செய்த பலர் கேட்கவில்லை.

முடக்க நாட்களில் இறுதிக் கிரியைக்குப் பத்துப் பேர்தான். நான்கு பிள்ளைகள், அவர்கள் துணைவர்கள், ஐயர், அவ்வளவோடு கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும். பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் இல்லை. யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ தாய் தகப்பனை இழந்தவர்கள் இங்கேயிருந்து திரையில் பார்த்தார்கள். நாட்டை விட்டு வெளியேறவே அனுமதி கேட்க வேண்டியிருந்த காலம் அது. பெற்றோரை நெருங்கிய குடும்பமாகக் கணக்கெடுத்து இங்கே வர வழிவிட்டது 2021 நவம்பரில்தான். அந்தியேட்டிக்குக் கூடி அழ முடியாமல் போன துயரம் இன்னும் பல வீடுகளில் ஆறாமல் இருக்கிறது. சங்கம் அதற்கு ஒரு நாளை ஒதுக்கி எல்லாரையும் கூட வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தண்டப்பணம் பற்றி ஒரு செய்தி. நியூ சவுத் வேல்ஸில் கட்டுப்பாடுகளை மீறியதாக 62,000க்கும் மேற்பட்ட தண்டச் சீட்டுகள் எழுதப்பட்டன. ரெட்பேர்ன் சட்ட உதவி மையம் உச்ச நீதிமன்றம் போனது. 2022 நவம்பரில், சீட்டில் குற்றம் சரியாக விபரிக்கப்படவில்லை என்ற காரணத்தால் 33,121 சீட்டுகளை அரசே மீளப் பெற்றது. கட்டியவர்களுக்குப் பணம் திரும்ப வேண்டும். பயத்தில் உடனே கட்டிய நம்மவர் பலர். வீடு மாறிப் போனவருக்கு அந்தக் கடிதம் வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அடுத்தது தொற்றாக இல்லாமல் வெள்ளமாக இருக்கலாம், பரமட்டா ஆறு அதை நமக்குப் பலமுறை காட்டியிருக்கிறது. 45 பாகை வெயிலாகவும் இருக்கலாம். அது வருமுன் பெயரையும் வாகனத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். கவுன்சில் ஒவ்வோர் ஆண்டும் தன் செயற்திட்டத்தையும் வரவு செலவையும் குறைந்தது 28 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஜூன் 30க்குள் நிறைவேற்ற வேண்டியிருப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அது வரும். பத்தாண்டுக்குக் குறையாத சமூகத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அதை மீளாய்வு செய்ய வேண்டும். அவசரகால உணவில் சைவப் பொதி, முதியவருக்கான தொலைபேசி அழைப்பில் தமிழ், இந்த இரண்டையும் எழுதிக் கேட்க ஒரு பக்கம் போதும். தனி ஆள் எழுதினால் ஒரு கடிதம். சங்கமும் கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் சேர்ந்து எழுதினால் கவுன்சிலர் நம்மைக் கூப்பிட்டுக் கதைப்பார். கடைசித் தேர்தல் 2024 செப்டெம்பர் 14இல் நடந்தது. வாக்குப் போடாவிட்டால் தண்டம் என்பதால் நாம் எல்லாரும் போய்ப் போட்டோம். யாருக்குப் போட்டோம், அவர் நம் தொகுதிக்கு என்ன வாக்குறுதி தந்தார் என்று அவரிடம் போய்க் கேட்கலாம். கவுன்சில் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை.

பட்டியல் நம் பங்கு. வெளி மண்டபத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் மூன்று மேசைகள் போட்டிருக்கிறார்கள்: கம்பர்லண்ட், பரமட்டா, பிளாக்டவுன். எந்த மேசை என்று தெரியாதவருக்கு முகவரியைச் சொன்னால் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். தனியே இருக்கும் முதியவரின் பெயர், தொலைபேசி எண், பேசும் மொழி, மருந்து எடுக்கும் கடை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவ்வளவையும் அவருடைய சம்மதத்தோடு எழுதுங்கள். சம்மதம் கேட்காமல் யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். அந்தத் தாள் வாட்ஸ்அப்பில் போகாது. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பொறுப்பாளர், அவர்களிடம் மட்டும் இருக்கும். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுப்பார்கள். அப்படி எடுக்கக்கூடியவர்களும் அதே மேசையில் தங்கள் பெயரைக் கொடுக்கலாம், முக்கியமாகக் கார் ஓடக்கூடிய இளையோர். நடன நிகழ்ச்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஒருமுறை வெளியே வாருங்கள்.