பாம்புக்கடிக்கு முதலுதவி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எனக்கு முன் பேசிய நண்பர்கள் அதனைச் செவ்வனே செய்துவிட்டமையால், பாம்புக்கடியைப் பற்றிப் பேச இசைவு பெற்றேன். பாம்புக்குச் சாதி தெரியாது என்பர். ஆயினும் சேற்றில் இறங்கி நாற்று நடுபவர் யார்? இருட்டில் மடை திறக்கச் செல்பவர் யார்? கட்டிலின்றி மண்தரையில் படுப்பவர் யார்? 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்களே.

1997ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள். நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிது. என் மாணவன் ஒருவன் வகுப்பறை வாயிலில் வந்து நின்று, “ஐயா, அம்மாவைப் பூச்சி கடிச்சிடுச்சு” என்று கதறினான். வயலுக்கு ஓடினேன். பட்டம் பெற்றவன் என்னும் நினைப்பில், மேல்துண்டைக் கிழித்து அந்த அம்மையாரின் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினேன். சவர அலகால் கடிவாயைக் கீறவும் செய்தேன். வண்டி வைத்திருந்தவர் எம் சேரியாரை ஏற்ற மனமின்றி, மாடு களைத்திருக்கிறது என்றார். மிதிவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அரசு மருத்துவமனையை அடைய மூன்று மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்தது, கால் அழுகி எடுக்கப்பட்டது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, “விரியன் பாதியைக் கெடுத்தது, நீங்கள் கட்டிய கட்டு மீதியைக் கெடுத்துவிட்டது” என்றார்.

வண்டிக்காரர்மீது கொண்ட சினம் எனக்கு இன்றும் தணியவில்லை. எனினும் கட்டியது என் கை. அந்த அம்மையார் என்னைக் கண்டால் ஊன்றுகோலைத் தேடி எழுந்து நிற்க முயல்வார். அதனாலேயே நெடுநாள் அத்தெரு வழியே செல்லக் கூசினேன்.

இறுகக் கட்டினால் குருதியோட்டம் நின்று தசை மடியும். அவிழ்த்தவுடன் தேங்கிய நஞ்சு ஒருசேரப் பாயும். எனவே எவரேனும் அறியாமல் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். மருத்துவர் முன்னிலையில் அவிழ்க்கட்டும். விரியன் நஞ்சு குருதியை உறைய விடாது. கீறிய புண்ணிலிருந்து அது வடிந்துகொண்டே இருக்கும். வாயால் உறிஞ்சுவதும் பயனற்றது.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய நஞ்சு விரைந்து பரவும். கொலுசு, மெட்டி, வளையல், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுங்கள். எலும்பு முறிந்தவர்க்குச் செய்வதுபோல மூங்கில் தப்பை வைத்து, விரல் நுழையுமளவு தளர்வாகத் துணி சுற்றி, அசையாது கிடத்துங்கள். வாந்தி வருமாயின் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால், கஷாயம், சாராயம் எதுவும் வேண்டா. உடனே 108க்குச் சொல்லுங்கள். ‘அஞ்சாதே’ என்று தேற்றுவதும் மருந்தே. நஞ்சுள்ள பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. மந்திரிப்பவர் புகழ் பெறுவது இத்தகைய கடிகளாலேதான்!

பாம்பை அடித்துக் கொணர வேண்டுவதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் மருந்து ஒன்றே. அம்மருந்து செய்வதற்கான நஞ்சை எடுத்துத் தருவோர் இருளர் மக்கள். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஊர் ஒதுக்கி வைத்த கைகள் ஊரார் உயிரைக் காப்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கட்டுவிரியனைப் பற்றித் தாய்மார்கள் கூர்ந்து கேட்க வேண்டும். அது இரவில் உறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியலில் பிள்ளை வயிற்றுவலி என்பான், இமை சரியும், நாக் குழறும். அசீரணம் என்றெண்ணி ஓமநீர் கொடுத்துக் காலத்தைப் போக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

இனி, எம் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் தப்பை கட்டும் முறையைச் செய்து காட்டுவர். பின்வரிசைத் தாய்மார்கள் முன்னே வந்து அமருமாறு வேண்டுகிறேன். துணியும் மூங்கிலும் இங்கே நிறைய வைத்திருக்கிறோம்.