மூட்டு நோய்களை இனம் பிரிக்கும் மீயொலி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இந்தக் கழகத்தின் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். கற்றதில் நம் மக்களுக்குப் பயன்படுவது எதுவோ அதைச் சொல்லுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாள்தோறும் நான் செய்யும் வேலை மூட்டுகளைப் பார்ப்பது. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

என் தாயார் நாற்று நட்டுக் குடும்பம் காத்தவர். நான் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தபோது அவருடைய விரல் கணுக்கள் வீங்கின. விடியற்காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் வரையில் விரல்களை மடக்க இயலாது. வைத்தியத்திற்கு அழைத்துச் சென்ற இடத்தில், மேசைக்கு அப்பாலிருந்தே இரண்டு கேள்விகள் கேட்டார்கள். கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. ‘வாதம்’ என்று எழுதி வலி மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். பிறகு அவ்வப்போது ஊசி. ஊசி போட்ட பத்து நாளைக்கு அம்மா நடவுக்குப் போவார்; பதினோராம் நாள் மீண்டும் படுக்கை. நான்கே ஆண்டுகளில் விரல்கள் கோணிவிட்டன. அவருக்கு வந்தது சரவாங்கி என்று நம்மவர் சொல்லும் முடக்குவாதம் என்பதை, மருத்துவக் கல்லூரியில் படித்தபோதுதான் நான் அறிந்துகொண்டேன்.

வாதம் என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. வயதாலும் உழைப்பாலும் வரும் தேய்மானம் ஒருபுறம் இருக்கட்டும். மூட்டு வீங்கிச் சூடேறி வலிக்கும் அழற்சி நோய்களிலேயே முடக்குவாதம் வேறு. யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கௌட் வேறு. சுண்ணாம்புச் சத்துள்ள வேறொரு படிகத்தால் முதியவர்களுக்கு வருவது வேறு. சோரியாசிஸ் என்னும் தோல் நோயோடு சேர்ந்து வருவது வேறு. கிருமி புகுந்து சீழ் வைப்பது முற்றிலும் வேறு. வெளிப் பார்வைக்கு எல்லாம் வீக்கந்தான். ஆயின் மருந்துகள் ஒன்றல்ல. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து உண்டு. அதை வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கௌட் நோய்க்கு யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் போன்றவை. சீழ் வைத்த மூட்டுக்குக் கிருமிக்கொல்லி மருந்தும், சீழை வெளியேற்றுவதும். ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது, காலமும் போய்விடும். அழற்சி தொடங்கிய 6 வாரங்களுக்குள் மூட்டு நோய் வல்லுநரைக் காண வேண்டும், 3 மாதங்களுக்குள் உரிய மருந்தைத் தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய வல்லுநர்கள் நெறி வகுத்துள்ளனர். என் தாயாருக்கு நான்கு ஆண்டுகள் வீணாயின.

இவற்றை இனம் பிரிக்க உதவும் கருவிகளுள் ஒன்று மீயொலிக் கருவி. கருவுற்ற பெண்களுக்கு எடுக்கும் ‘ஸ்கேன்’ என்றால் எல்லோருக்கும் தெரியும், அதுவேதான் இது. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. இதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இதை மகப்பேறு மருத்துவத்திற்குக் கொண்டுவந்த கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் அயன் டொனால்ட், 1955ஆம் ஆண்டில் தாம் அறுவை செய்தெடுத்த கட்டிகளை ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். இரும்பில் விரிசல் காணத் தொழிலாளர்கள் பயன்படுத்திய கருவியில் அவற்றை வைத்துப் பார்த்தார். 1958இல் அவர் குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. மூட்டுப் பக்கம் இக்கருவி திரும்பியது 1972இல். முழங்காலின் பின்புறம் தோன்றும் நீர்க்கட்டியையும் இரத்தக் குழாய் அடைப்பையும் பிரித்தறிய மெக்டொனால்ட், லியோபோல்டு என்ற இருவர் அதைக் கையாண்டனர். இனம் பிரிக்கும் வேலையில்தான் தொடக்கமே!

வயிற்றைப் பார்க்க ஒலி ஆழமாகச் செல்ல வேண்டும். அதற்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் போதும். விரல் மூட்டோ தோலுக்கு அடியிலேயே இருப்பது. ஆகவே 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியால் மிக நுட்பமாகப் பார்க்கலாம். திரையில் எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன்மேல் குருத்தெலும்பு கரிய பட்டையாகப் படிந்திருக்கும்.

இனிமேல் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். நோய் எங்கே குடியிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கௌட் நோயில் படிகங்கள் கரிய பட்டையின் மேற்புறத்தில் பனிபோல் படியும். அப்போது எலும்பின் வெள்ளைக் கோட்டிற்கு இணையாக இரண்டாவது வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். இதை இரட்டைக் கோடு என்போம். கௌட் நோயை வகைப்படுத்த 2015இல் அமெரிக்க, ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த விதிகளில் இவ்வடையாளமும் சேர்க்கப்பட்டது. முதியவர்களின் சுண்ணாம்புப் படிகமோ பட்டையின் மேல் அல்ல, பட்டைக்கு உள்ளேயே புள்ளி புள்ளியாக மின்னும். மேலே, உள்ளே என்னும் இச்சிறு வேறுபாடுதான் இரு நோய்களையும் பிரிக்கிறது.

முடக்குவாதத்தில் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு தடித்துவிடும். டாப்ளர் என்ற முறையைத் திறந்தால், அச்சவ்வுக்குள் இரத்த ஓட்டம் தணல்போல் சிவந்து தெரியும். எலும்பின் ஓரம் அரிக்கப்பட்டிருப்பதும் புலப்படும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகள் 100 பேரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். எக்ஸ்ரே படம் 17 பேரிடம் எலும்பு அரிமானத்தைக் காட்டியது. மீயொலி 56 பேரிடம் காட்டியது.

சோரியாசிஸ் மூட்டு நோய் விரலில் முடக்குவாதத்தைப் போலவே நடிக்கும். அப்போது நான் நோயாளியின் குதிகாலைப் பார்ப்பேன். விரல் வலிக்கு வந்தவர் விழிப்பார்! தசைநாண் எலும்பில் வேர் பிடிக்கும் இடத்தில் தடிப்பும் இரத்த ஓட்டமும் இருந்தால் ஐயம் அப்பக்கம் சாயும். ஆனாலும் பாரம் சுமந்து நடப்பவர்களுக்கும் குதிநாண் தடித்திருக்கக் கூடும். ஆகையால் தோலையும் நகத்தையும் தலைமுடிக்குள்ளும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது.

சென்ற ஆண்டு ஒரு பெரியவர் வந்தார். இரத்தத்தில் யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருந்ததை வைத்துக் கௌட் என்று முடிவு கட்டி, மாட்டிறைச்சியும் கருவாடும் பருப்பும் கூடாதென்று எங்கோ விலக்கியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகளாக ரசமும் சோறுமாக உண்டு மெலிந்திருந்தார். கை வீக்கம் குறையவில்லை. கருவியை வைத்துப் பார்த்தேன். இரட்டைக் கோடு எங்கும் இல்லை. இரு மணிக்கட்டுகளிலும் சவ்வு தடித்துச் சிவந்திருந்தது. இரத்தப் பரிசோதனையும் முடக்குவாதத்தை உறுதி செய்தது. யூரிக் அமிலம் கூடியவர்க்கெல்லாம் கௌட் வருவதில்லை. கௌட் வலி வந்த வேளையில் அவ்வளவு சரியாகவே இருப்பதும் உண்டு. ஏழையின் தட்டின்மேல் பழி போடுவது எளிது.

கருவியால் ஆகாததையும் சொல்ல வேண்டும். மூட்டில் நீர் கோத்திருப்பதை அது காட்டும். அந்நீர் சீழா அல்லவா என்று சொல்லாது. ஊசியால் எடுத்துச் சோதித்தே அறிய வேண்டும். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், ஸ்கேனுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2006இல் தமிழகத்தை வாட்டிய சிக்குன்குனியாவும் முடக்குவாதத்தைப் போன்ற வீக்கத்தை விட்டுச் செல்லும். திரையை மட்டும் பார்த்து அதைப் பிரிக்க இயலாது. ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு வந்தால் தணல் அடங்கித் தெரியும், நோய் மறைந்துகொள்ளும். கருவி முனையை அழுத்திப் பிடித்தாலும் அவ்வாறே. நோயாளியின் கையைத் தம் கையில் ஏந்தி, பசை தடவி, மெல்லத் தொட்டவாறு மூட்டு மூட்டாக நகர்த்த வேண்டும். மேசைக்கு அப்பாலிருந்து செய்யக்கூடிய சோதனையன்று இது.

மற்றொன்று: மாதந்தோறும் ஸ்கேன் எடுக்கப் பணம் செலவழிக்காதீர்கள். ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் நடந்து 2015, 2016ஆம் ஆண்டுகளில் வெளியான இரு ஆய்வுகள், ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பார்த்து மருந்தை மாற்றியதால், கையால் சோதித்து மாற்றியதைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை விளையவில்லை என்றே காட்டின. தொடக்கத்தில் ஐயம் இருக்கும்போதுதான் இதன் பயன் பெரிது.

கருவியை இங்கே கொண்டுவந்து காட்டலாகாதா என்று இளைஞர்கள் கேட்டனர். கருவில் பெண் சிசுவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் இயற்றிய சட்டப்படி, பதிவு செய்த இடத்தை விட்டு அதை நினைத்தபடி எடுத்துச் செல்ல இயலாது. வேண்டிய சட்டமே, எனவே வெறுங்கையோடு வந்தேன். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்திற்கு மேல் விரல் மடங்காதவர்கள், விரல் கணு வீங்கி 6 வாரம் ஆகாதவர்கள், ஆனவர்கள், யாராயினும் கூட்டம் முடிந்ததும் விடுதித் தாழ்வாரத்திற்கு வாருங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்து வாருங்கள். இன்று கையால் பார்க்கிறேன்; கருவி வேண்டியவர்களுக்கு எந்த நாள் எங்கே வர வேண்டுமென்று எழுதித் தருகிறேன்.