விசுவாசமும் ஊக்கமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவுசெய்யும் இந்நன்னாளில், ‘கிறிஸ்தவ விசுவாசமும் அன்றாட வாழ்வும்’ என்னும் பொருள் பற்றிச் சில கருத்துகளைக் கூறுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். இச்சங்கத்தில் ஞாயிறுதோறும் ஆலயம் செல்வோரும் உளர். அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உளர். புத்தர் பெருமானின் நெறியைத் தழுவியோரும் உளர். ஆகவே ஒரு சமயத்தார்க்கு மட்டும் போதனை செய்வது நம் நோக்கமன்று. கிறிஸ்தவர்கள் தம் விசுவாசத்தை வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் எங்ஙனம் வாழ்ந்து காட்ட வேண்டும் என்பதையே சொல்ல விழைகின்றோம். மற்றையோர்க்கும் அது பயன்படுமாயின் மகிழ்ச்சியே.

நம்பிக்கை என்னும் சொல்லை நம் மக்கள் இருவகையில் வழங்குகின்றனர். ‘எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று கைகட்டி இருப்பதும் நம்பிக்கை எனப்படுகின்றது. நாளைய விளைச்சலை எண்ணி இன்று விதைப்பதும் நம்பிக்கை எனப்படுகின்றது. வேதாகமம் போற்றுவது இரண்டாவதையே. உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாதவனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் வினவுகின்றார். செயலில்லாத விசுவாசத்துக்கு உயிரில்லை என்பதே அவர் கூற்றின் சாரம்.

இதனை வாழ்ந்து காட்டியவர் பர்னபா. அவருடைய இயற்பெயர் யோசே, சீப்புரு தீவினர். பிறரைத் தேற்றி ஊக்குவிக்கும் குணத்தைக் கண்டு அப்போஸ்தலர்கள் அவருக்கு இட்ட பெயரே பர்னபா. சபையைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, சீடர்கள் அவரை நம்பவில்லை, அஞ்சி ஒதுங்கினர். பர்னபா ஒருவரே அவரை அழைத்துச் சென்று, அவர் சார்பில் எடுத்துரைத்தார். பின்னர் அந்தச் சவுலே பவுலானார். பயணத்தின் நடுவே விட்டுத் திரும்பிய மாற்கு என்னும் இளைஞரைப் பவுலே மீண்டும் சேர்த்துக்கொள்ள மறுத்தபோதும், பர்னபா அவரைக் கைவிடாமல் தம்முடன் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அதே மாற்கு தமக்குப் பயனுள்ளவர் என்று பவுலே எழுத நேர்ந்தது. ஒருமுறை தவறியவனுக்கு மறுவாய்ப்பு அளித்த ஒருவர் இருந்தமையால் விளைந்த பயன் அது.

அன்பர்களே, இத்தகைய செயல்கள் நம் மண்ணிலும் நிகழ்ந்துள்ளன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் ஊர்கள் இன்று வெவ்வேறு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பினும், முன்னர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மாவட்டத்தில் நம் முன்னோர் குடியிருந்த மனைகூடப் பல இடங்களில் மிராசுதார்களின் உரிமையில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற்றப்படுவர். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனுக் கொடுத்தாலும், மிராசுதார்க்கு இருந்த முன்னுரிமை குறுக்கே நின்றது.

ஆவடியிலிருந்து மேற்கே அதே இருப்புப்பாதையில் சென்றால் திருவள்ளூர் வரும். அதனை அடுத்தது ஈக்காடு. அங்கே பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஆகியோர், ஜெபத்தோடும் பிரசங்கத்தோடும் நின்றுவிடவில்லை. நம் மக்களின் நில மனுக்களுக்குத் துணை நின்றனர். அவர்தம் நிலையை அரசுக்கும் பொதுமக்களுக்கும் எடுத்துரைத்தனர். ஆண்ட்ரூவின் முயற்சியால் 1893இல் மெல்ரோசாபுரம் என்னும் குடியிருப்பு உருவாயிற்று. மிஷனரிகளின் முறையீடுகளை அடுத்து, மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். அதன் வழியே 1892இல் பிறந்த ஆணையினால் வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களுள் பல பின்னர்க் கைமாறிப்போயின. அது வேறு துயரக் கதை. ஆயினும், வெளியேற்றப்படும் அச்சத்தையும் மீறி மனுவில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மாரின் துணிவையும், அவர்தம் அருகில் நின்றோரின் துணையையும் நாம் மறத்தலாகாது.

ஊக்கமளிக்கும் இப்பணி சமய எல்லையையும் கடந்தது. போதகர் ஜான் ரத்தினமும் பண்டிதர் அயோத்திதாசரும் சேர்ந்து 1885இல் ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழை நடத்தினர். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் 1898இல் பௌத்தம் தழுவியவர். சமயம் வேறாயினும் சமுதாயத்தின் எழுச்சியில் இருவரும் ஒருமனப்பட்டனர். பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா அவர்கள் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் பயின்று, ஆசிரியராகி, சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்தார். இழிசொற்களை நீக்கி, 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஆவணங்களில் ஏறச் செய்ததில் அவர் பங்கு பெரிது. சேரிப் பிள்ளைக்கு அன்று பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட கைகளும் அவ்வெற்றியில் பங்குடையவை அல்லவா?

திருச்சபையின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபையில் சாதிக்கு இடமில்லை என்று சென்னை மிஷனரி மாநாடு 1850ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. அதன்பின்னும் தமிழ்நாட்டில் தனி இருக்கையும் தனிக் கல்லறையும் பல இடங்களில் நீடித்தன. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டு, கல்லறையில் சுவர் எழுப்புவோர் எந்த உயிர்த்தெழுதலை நம்புகின்றனர்? இதனைத் தட்டிக் கேட்பதும் விசுவாசத்தின் செயலே.

சட்டத்தின் வழியாகவும் நம்மில் கிறிஸ்தவர்க்கு ஒரு சுமை ஏற்பட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் அவ்விரு திருத்தங்களிலும் சேர்க்கப்படவில்லை. மதமாற்றத்தால் அத்தகுதி பாதிக்கப்படலாகாது என்று நீதியரசர் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. இவ்வுரிமைக்காக அறவழியில் முயல்வோம். முயலும் காலத்தில் நம் பிள்ளைகள் கல்வியை இழந்துவிடாமலும் காப்போம்.

இனி, நாம் செய்யத்தக்கவற்றைக் கூறுகின்றோம். 1949இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையும், 1960களில் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இப்பகுதிக்கு வந்தன. நம் தந்தையர் சிலர்க்கேனும் அவற்றால் நிலையான வேலை கிடைத்தது. இன்று பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளை அடுத்த வாரமே ஒப்பந்த வேலைக்கோ கிடங்கில் மூட்டை தூக்கவோ சென்றுவிடுகின்றான். கையில் நாலு காசு வந்தபின் அவனை மீண்டும் பள்ளிக்கு அழைப்பது அரிது. வகுப்பறையில் முப்பது ஆண்டுகளாக நாம் கண்டது இது.

ஆதலின், முதலாவதாக, தேர்வு முடிவு வெளிவரும் நாளில் வென்ற பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுமுன் தவறிய பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுங்கள். ‘நீ உருப்படமாட்டாய்’ என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உளர். ‘துணைத்தேர்வு இருக்கின்றது, நான் பாடம் சொல்லித் தருகிறேன்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். விண்ணப்பிக்கும் நாள்கள் சிலவே. கட்டணத்தைக் கட்டி, சீட்டைக் கையில் கொடுத்துவிட்டே திரும்புங்கள்.

இரண்டாவதாக, படித்த இளைஞர்கள் சான்றிதழ்ப் பணியில் துணை நில்லுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை உரிய காலத்தில் பெறாமையால் உதவித்தொகை இழந்தோர் பலர். அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 2021இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இதனை அறியாத பெற்றோர் இன்னும் உளர். கூலிவேலைக்குச் செல்லும் தாய் அரைநாள் கூலியை இழந்து அலுவலகத்தில் காத்திருக்கும்போது, உடன் சென்று மனு எழுதித் தருவதும் ஊழியமே. அன்று தர்க்காஸ்து மனுவுக்குத் துணை நின்றோர் செய்த பணியும் இத்தகையதன்றோ?

மூன்றாவதாக, ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஓசைக்கு நடுவே பிள்ளை எங்ஙனம் படிப்பான்? ஆலயங்களும் சமுதாயக் கூடங்களும் வாரத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. மாலை ஆறு முதல் ஒன்பது வரை அவற்றைத் திறந்து, விளக்கும் விசிறியும் போட்டு, கல்லூரி மாணவர் இருவரை அமர்த்துங்கள். பழைய உபதேசியார்கள் அரிக்கன் விளக்கில் இராப்பள்ளி நடத்தியதை எண்ணிப் பாருங்கள்.

நான்காவதாக, பெண்பிள்ளை படிப்பேன் என்றால் அவள் பக்கம் நில்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் வரன் தேடும் தந்தையிடம், சபைப் பெரியவரோ சங்கப் பெரியவரோ சென்று அமர்ந்து பேசினால் மூன்றாண்டு அவகாசம் கிடைக்கும். பட்டம் பெற அவளுக்கு அதுவே போதும்.

ஊக்கமளித்தல் வெறும் புகழ்ச்சி அன்று என்பதையும் நினைவிற் கொள்வீர். குடியில் வீழ்ந்த தம்பியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்; சொன்னபின் அவனை விட்டு விலகாமலும் இருக்க வேண்டும். கடிந்துரைப்பதோடு நிற்போர் பலர். அவன் திருந்தும்வரை உடன் வருவோர் சிலரே. அவரே பர்னபாவின் வழியினர்.

இளைஞர்களே! நம்மில் ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் கைதூக்கி விட்டிருக்கின்றனர். கட்டணம் கட்டிய மாமா, புத்தகம் கொடுத்த ஆசிரியர், அடகு வைத்த தாலியை மீட்காமலே மறைந்த தாய் என அவர்தம் பெயர்கள் எந்த மலரிலும் அச்சேறவில்லை. அக்கடனை அவர்களிடமே திருப்பித் தருதல் பெரும்பாலும் இயலாது. அடுத்த பிள்ளைக்கே தர முடியும்.

இவ்விழாவை முன்னிட்டு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இங்கே கூடியுள்ள ஒவ்வொருவரும் இக்கல்வியாண்டில் ஒரே ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பணம் இல்லையேல் நேரம் தாருங்கள். நேரமும் இல்லையேல் வாரம் ஒருமுறை அப்பிள்ளையின் வீட்டு வாயிலில் நின்று, ‘படிக்கிறாயா?’ என்று கேளுங்கள். இன்று மாலை வீடு திரும்புமுன் அப்பிள்ளையின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுங்கள்.