'வீடு' படமும் நம் எஸ்டிமேட்டும்

(கிள்ளையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலைப் பத்திப் பேசு, ஆனா போரடிக்காதே" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். ஆகவே ஒரு சினிமாவோடு வந்திருக்கிறேன். பாலு மகேந்திரா இயக்கி 1988-இல் வெளிவந்த 'வீடு'. சிறந்த தமிழ்ப் படத்துக்கும், நடிகை அர்ச்சனாவுக்கும் தேசிய விருது பெற்றுத் தந்த படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டுகிறது, அவ்வளவுதான் கதை.

சுதா ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். ஒரு தங்கை, வயதான தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் மனை இருக்கிறது. அன்றைக்கு அது சென்னையின் புறநகர். கடன் வாங்கிக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். கான்டிராக்டர் ஏமாற்றுகிறார். துணை நிற்பது யார் தெரியுமா? பசி சத்யா நடித்த ஒரு சித்தாள்! சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோகிறார். கடைசியில், அந்த நிலமே குடிநீர் வாரியத்துக்கு எடுக்கப்பட்டது என்று ஒரு அதிகாரி சொல்கிறார்.

நமக்கு எஸ்டிமேட் என்றால் ஒரு தாள். செங்கல் இத்தனை, கம்பி இத்தனை கிலோ. அந்தத் தாத்தாவின் ஆசை எந்த வரியில் வருகிறது, சொல்லுங்கள்?

கலவையில் சிமெண்டைக் குறைத்தால் பூச்சுக்கு அடியில் யாருக்கும் தெரியாது. பிறகு கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து உப்புக் காற்றில் அது சீக்கிரமே உதிரும். அப்போது கான்டிராக்டர் இருக்க மாட்டார், கடன் மட்டும் இருக்கும்.

"இப்பதான் ரெரா சட்டம் வந்தாச்சே" என்பீர்கள். 2016-இல் வந்த அந்தச் சட்டம் விற்பனைக்குக் கட்டுபவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. சொந்த மனையில் கட்டிக்கொள்ளும் சுதாவுக்கு அதில் இடமில்லை. அவருக்குக் காவல் நாம்தான்.

கடைக்கால் தோண்டுமுன் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேட்போம். வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அரசு கையகப்படுத்திய நிலம் சில சமயம் அதில் தெரியாது. சர்வே நம்பரைச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்வோம். வந்த மூட்டை, செலவான மூட்டை இரண்டையும் வீட்டுக்காரர் கையாலேயே ஒரு நோட்டில் எழுத வைப்போம். செலவு கூடுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கொடுப்போம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் உட்கார்ந்து, வீடு கட்டப்போகிறவர்களின் பத்திரத்தையும் பிளானையும் இலவசமாகப் பார்த்துச் சொல்வோம். எல்லாத் துறைக்காரர்களும் வரலாம். வக்கீல் நண்பர்கள் வந்தால் இன்னும் நல்லது. முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.