கண்ணகி புறப்பட்ட கரை
(முன்னாள் மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம், ஏதாவது பயனுள்ளதா பேசுங்க"ன்னு செயலாளர் சொன்னார். என்னிடம் பயனுள்ள சரக்கு குறைவு. 2023-இல் நாங்கள் சிலர் போய்வந்த மூன்று நாள் கடற்கரைச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு முன் 1984-க்குக் கொஞ்சம் போகவேண்டும்.

எங்கள் மூன்றாம் ஆண்டில் பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர் சுற்றுலா ஏற்பாடாகியது. ஆளுக்கு 90 ரூபாய். வசூல் செய்தவன் நான். எங்கள் வகுப்பில் கூடலூர் நண்பர் ஒருவர். பேர் வேண்டாம், இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கடைசி நாள் அறுபது ரூபாயோடு வந்து, மீதிக்கு இரண்டு நாள் தவணை கேட்டார். "லிஸ்ட் ஆபீசுக்குப் போயிருச்சு மாப்ளே"ன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். லிஸ்ட் எங்கேயும் போகவில்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது. திரும்பி வந்து போட்டோ காட்டியபோது, அவர் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார்.

பிறகு அவர் ஏலத்தோட்டத்தில் கணக்கரானார். குமுளி மலை, கூடலூர் வீடு, அவ்வளவுதான் உலகம். அறுபது வயது வரை கடலைப் பார்த்ததே இல்லை. 2023-இல் அவருடைய அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் செய்வதென்று முடிவானது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டோம். ஒரு வேன், மூன்று பகல், இரண்டு இரவு. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ராத்திரியே கிளம்பிவிட்டால் ஒரு பகல் மிச்சம்.

முதலில் பூம்புகார். நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த ஊரோடு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. கண்ணகியின் கதை முடிகிற இடமென்று நாம் கும்பிடுகிற மங்கலதேவிக் கோட்டம் நம் தலைக்குமேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் பக்தர்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் பாதி, பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் பாதி. நம் நண்பர் வருஷம் தவறாமல் நடந்தே ஏறுபவர். முடிவை அத்தனை தடவை பார்த்த மனுஷர், ஆரம்பத்தைப் பார்த்ததில்லை.

பூம்புகாரில் பழைய துறைமுகம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பகுதி கடலுக்குள் என்கிறார்கள். மேலையூர், பல்லவனேஸ்வரம் பக்கம் அகழ்ந்ததில் கட்டடத் தடயங்கள் கிடைத்தன. 1973-இல் திறந்த ஏழுநிலை சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுக்கச் சிற்பமாக இருக்கிறது. (போகுமுன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.) நண்பர் அதையெல்லாம் வேகமாகத் தாண்டிக் கடலைப் பார்க்கப் போய்விட்டார்.

அலை அவர் காலைத் தொட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர், பேசவில்லை. கொஞ்சநேரம் கழித்து, காவிரி கடலில் சேரும் இடத்தைக் காட்டினோம். மெலிந்துபோய்த்தான் வந்து சேர்கிறது. "நம்ம பெரியாத்துத் தண்ணியும் இப்படித்தானே அந்தப் பக்கத்துக் கடல்லே போய் விழுந்திருக்கும்"னார். உண்மைதான். 1895-இல் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பாவிட்டால் அரபிக்கடலுக்குப் போயிருக்கவேண்டிய தண்ணீர்தான் நம் வயலில் இரண்டு போகம் நெல்லாகிறது.

அன்று மாலை தரங்கம்பாடி. நான் இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் தடவை பார்க்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும், அப்போது மணலில் ஓட்டப்பந்தயம் விட்டோம். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, டான்ஸ்போர்க். நாயக்கர் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறதாம். கோட்டையின் கீழ்த்தளம் சரக்கறை, வெடிமருந்து அறை, சிறை. "எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்தாங்க?" என்று நண்பர் கேட்டார். மிளகுக்கு என்றேன். ஏலக்காய் மூட்டைக் கணக்கிலேயே தலை நரைத்த மனுஷர், அந்த அறைகளை இரண்டு தடவை சுற்றிவந்து, "காத்தோட்டம் போதாது, சரக்கு பூத்துரும்" என்று தீர்ப்புச் சொன்னார்! 1845-இல் டென்மார்க்காரர்கள் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

அரசர் தெருவில் நடந்தால் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது அங்கேதான். 1706-இல் வந்தவர், மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று சொல்வார்கள். இடையில் டேனிஷ் அதிகாரியே அவரைச் சில மாதம் சிறையில் போட்டார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகியது. காகிதம் போதாமல் பக்கத்திலேயே ஆலை வைத்தார்கள். பொறையாறில் கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது. தமிழ் இலக்கியம் படிக்கும் தங்கைகள் இந்த ஒரு தெருவுக்காகவே போகலாம்.

கோட்டைக்குப் பக்கத்திலே மாசிலாமணிநாதர் கோவில். கட்டியது நம்ம பாண்டியநாட்டு ராஜா, மாறவர்மன் குலசேகரன், 1306 வாக்கில். கோவிலின் முன்பகுதியைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கடல் எடுத்துக்கொண்டது. 2004 சுனாமி வேறு. பிறகு புதுப்பித்திருக்கிறார்கள். ஊர்ப்பெயருக்கு அலை பாடும் ஊர் என்று அழகாக விளக்கம் சொல்கிறார்கள்; கல்வெட்டில் இருப்பதோ சடங்கன்பாடி.

அந்தக் கோவில் பக்கத்துப் பாறாங்கல்லில் உட்கார்ந்திருக்கும்போதுதான் முப்பத்தொன்பது வருஷத்துக் கடனைச் சொன்னேன். "அன்னைக்கு லிஸ்ட் ஆபீசுக்குப் போகலை மாப்ளே." அவர் கடலையே பார்த்துக்கொண்டு, "தெரியும்டா. பாக்கெட்ல துருத்திக்கிட்டு இருந்துச்சு"ன்னார். அவ்வளவுதான் பேச்சு. எழுந்து போய் ஆளுக்கொரு சுண்டல் வாங்கினோம். காசு அவர் கொடுத்தார்.

மறுநாள் காலை திருக்கடையூர். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த இடமென்பதால் அறுபது, எழுபது, எண்பது சாந்தியெல்லாம் அங்கே. ஒரே வேளையில் எத்தனையோ ஜோடிகள்! கலசத் தண்ணீர் ஊற்றும்போது யார் பிள்ளை யார் தலையில் ஊற்றுகிறார்கள் என்றே தெரியவில்லை. செலவை முதலிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. அபிராமி சந்நிதியில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து நின்றோம்.

மூன்றாம் நாள் நாகூர், வேளாங்கண்ணி. எங்களோடு வந்த உத்தமபாளையம் நண்பருக்கு நாகூரில் நேர்த்திக்கடன். அங்குள்ள ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டித்தந்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப்சிங். இதை வேனில் எல்லோருக்கும் நான்கு தடவை சொன்னார்.

போக நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை. சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. பூம்புகாரில் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள், இழுப்பு அதிகம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே விஷயம். இந்த வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சுற்றுலா போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். பணம் கட்ட முடியாதவர்கள் பெயரைத் துறைத்தலைவரிடம் மட்டும் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியவேண்டாம். கூடலூர் நண்பரும் நானும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆரம்பித்திருக்கிறோம். சேர விரும்பும் பழைய மாணவர்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அவரைப் பாருங்கள். என்னிடம் தரவேண்டாம்; இந்தத் தடவை வசூல் அவர்.