வீட்டுக் கணக்கு

மாணவ மாணவியரே,

சிக்கனத்தைப் பற்றி உங்களோடு பேசப் போகிறேன் என்று சொன்னதும் என் பேரன் சிரித்தான். "சம்பாதிக்கிறவர்களிடம் அல்லவா தாத்தா அதைச் சொல்ல வேண்டும்? எங்கள் கையில் செலவழிக்கப் பணமே இல்லையே!" என்றான். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் ஒரு குடும்பத்தின் செலவிலே பெரும்பகுதி உங்களை முன்னிட்டே நடைபெறுகின்றது. அதைக் குறைக்க முயலும் பெற்றோர் எங்கே சரியாகச் செய்கின்றனர், எங்கே தவறுகின்றனர் என்பதை நீங்கள் அறிந்திருத்தல் நல்லது. நான் இரண்டையும் செய்தவன்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றோம். கால அட்டவணை போடக் கற்றோம். வீட்டுக் கணக்கு எழுத எவரும் கற்பிக்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், சம்பளம் முதல் தேதி வரும். இருபதாம் தேதிக்குள் கரைந்துவிடும். மளிகைக் கடையிலோ பற்றுக் கணக்கு. பற்றுக்கு வாங்குவோரிடம் ஒரு பழக்கம் உண்டு: அவர்கள் விலை கேட்பதில்லை. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். நாமும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். எடை குறைந்தாலும், நேற்றைய விலை இன்று ஏறியிருந்தாலும், கேட்பதற்கு வாய் எழாது. கடன்பட்டவனுக்குக் கூச்சம் அதிகம்.

1994-ஆம் ஆண்டு தை மாதத்தில் என் மனைவி நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் முன் வைத்தாள். "நான் செய்யும் செலவை நான் எழுதுகிறேன், நீங்கள் செய்வதை நீங்கள் எழுதுங்கள். ஒரு மாதம் மட்டும்" என்றாள். அவளுடைய செலவில் எங்கெங்கே குறைக்கலாம் என்று காட்டுவதற்கு நல்ல வாய்ப்பு என எண்ணி, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். மாத முடிவில் கூட்டிப் பார்த்தபோது, பள்ளிக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் நாள் ஒன்றுக்கு 4 ரூபாய் வீதம், 26 வேலை நாளில் 104 ரூபாய் நான் செலவழித்திருந்தேன். அதே மாதத்தில் சோப்பு ஒன்று கூடுதலாக வாங்கியதற்காக அவளைக் கடிந்துகொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கூட்டுத் தொகையின் கீழே இரண்டு கோடு போட்டாள், அவ்வளவுதான்.

அதன்பின் பற்றுக் கணக்கை ஒழிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. ஒரே மாதத்தில் முடியாது. பழைய பாக்கியும் தீர வேண்டும், புதிய சாமானும் வாங்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு மாதமும் மூன்றில் ஒரு பங்கு பாக்கியைத் தீர்த்து, எஞ்சியதைக் கொண்டு ரொக்கத்துக்கு வாங்கினோம். அந்த மூன்று மாதமும் குழம்பு சற்று நீர்த்தே இருந்தது.

பருவமறிந்து வாங்குதல் என்பதை என் மனைவியிடம் கற்றேன். மாசி, பங்குனியில் புதுப்புளி சந்தைக்கு வரும், விலை இறங்கியிருக்கும். அப்போது ஆண்டுக்குத் தேவையானதை வாங்கி, கொட்டை நீக்கி, உப்புத் தூவி, வெயிலில் காயவைத்து ஜாடியில் அடைத்துவிடுவாள். வத்தலும் அந்தப் பருவத்திலேயே. மழைக்காலத்தில் அண்டை வீட்டார் கால் கிலோ, அரைக் கிலோ என்று ஏறிய விலைக்கு வாங்கும்போது, எங்கள் ஜாடி நிறைந்திருக்கும். ஆனால் மலிவு என்பதற்காகவே எதையும் மொத்தமாக வாங்கிவிடலாகாது. ஒரு முறை நான் அவளைக் கேளாமல் இரண்டு மூட்டை அரிசி வாங்கி வந்தேன். பாதி தீர்வதற்குள் வண்டு விழுந்துவிட்டது. விடுமுறை நாட்களில் முற்றத்தில் உட்கார்ந்து அந்த அரிசியைப் புடைத்தவன் நானே.

உங்கள் பாடநூல்களிலேயே சிக்கனத்துக்குரிய செய்திகள் பல உள்ளன. அவற்றைத் தேர்வுக்கு எழுதுவதோடு விட்டுவிடுகிறோம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுவதில்லை. கொதி வந்தபின்னும் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் சோறு விரைந்து வேகாது. நீராவிதான் மிகுதியாக வெளியேறும். இதை வகுப்பில் கற்பித்தவன் நான். கொதி வந்ததும் தீயைக் குறைத்தவள் இயற்பியல் படிக்காத என் மனைவி. கடலையை இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் குறைவதும் அவ்வாறே. மின்சாரத்துக்கும் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு அதே நேரம் எரிந்தால் மூன்று யூனிட்டுக்கும் குறைவே. 75 வாட் மின்விசிறி ஆளில்லாத அறையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதத்தில் 9 யூனிட் வீண். உங்கள் வீட்டுக் கருவிகளின் மேல் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும்; எழுதி எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

இனி, நான் தவறிய இடத்துக்கு வருகிறேன்.

கணக்கு நோட்டு எனக்கு ஒரு வெறியாகவே ஆயிற்று. செலவுப் பக்கம் குறையக் குறைய ஒரு பெருமை. பழைய நோட்டுகளின் வெற்றுத்தாள்களைப் பிரித்துத் தைத்து மகளுக்குப் புது நோட்டாக்கினேன், அது நன்றே. சீருடையைச் சற்று நீளமாகத் தைத்து மடித்துவிட்டு, ஆண்டுதோறும் மடிப்பைப் பிரித்துவிட்டோம், அதுவும் நன்றே. 1998-இல் வீட்டுமனை ஒன்றுக்குத் தவணை கட்டிவந்தோம். அப்போது மகள் ஐந்தாம் வகுப்பு. கணக்குப் பாடத்தில் அவளுடைய மதிப்பெண் இறங்கலாயிற்று. நோட்டை எடுத்துப் பார்த்தால், கரும்பலகையில் 8 என்று எழுதியதை 3 என்று எழுதியிருக்கிறாள். 6 என்பது 5 ஆகியிருக்கிறது. "கவனம் எங்கே போயிற்று?" என்று அதட்டினேன். பேருந்து நிலையத்துக்குப் போனால் ஊர்ப்பலகையை என்னையே படிக்கச் சொல்வாள். அதையும் சோம்பல் என்று எண்ணினேன். அவளுடைய வகுப்பாசிரியை, "கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள் சார்" என்று என்னிடமே சொன்னார். அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த சம்பளம் வந்தது. தவணை குறுக்கே நின்றது. அதற்கடுத்த சம்பளமும் வந்து போயிற்று.

பிறகு நான் வேலை பார்த்த பள்ளிக்குக் கண் பரிசோதனை செய்வோர் வந்தனர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பொறுப்பு என்னுடையது. எழுத்துப் பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான் ஒரு சிறுவன். அந்த முகச்சுளிப்பை நான் நாள்தோறும் என் வீட்டில் கண்டிருந்தேன். மறுநாள் காலை விடுப்பு எடுத்துக்கொண்டு மகளை அழைத்துச் சென்றேன்.

கண்ணாடிக்கு ஆன செலவு 320 ரூபாய். நான் விடாமல் குடித்துவந்திருந்தால் தேநீருக்கே மூன்றே மாதத்தில் அவ்வளவு ஆகியிருக்கும். கடையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்தோம். மகள் சற்று நேரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, அது சாத்தூர் பஸ், அதற்கு அந்தப் பக்கம் நிற்பது அருப்புக்கோட்டை" என்றாள். சரி என்று சொல்லவும் எனக்குக் குரல் எழவில்லை.

அன்றிரவு 320 ரூபாயைச் செலவுப் பக்கத்தில் எழுதும்போது, நோட்டைக் குறுக்கே கோடிட்டு இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கம் குறைக்கத் தக்கவை. மறுபக்கம் தள்ளிப்போடத் தகாதவை. மருந்து, கண், பல், பள்ளிக்கட்டணம், கிழவராயிருந்த என் தந்தையாரின் பால், இவையெல்லாம் மறுபக்கம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை முதலிலேயே அதற்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில்தான் கத்தரிக்கோலை வைத்தோம். இதனால் மனைத் தவணை ஆறு மாதம் நீண்டது. விற்றவர் முணுமுணுத்தார், பின்பு ஒப்புக்கொண்டார்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்று. இந்த மாதக் கடைசியில் உங்கள் தாய் தந்தையரோடு உட்கார்ந்து வீட்டுச் செலவைக் கூட்டிக் கொடுங்கள். கணக்கு எழுதும் வழக்கமில்லாத வீடானால் நீங்களே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். உங்கள் தந்தையார் தம் செலவைச் சொல்லச் சற்றுத் தயங்கினால் வற்புறுத்த வேண்டா. ஓரிரு நாளில் தாமே சொல்வார். பலகையில் எழுதியது உங்களுக்குத் தெரியவில்லையாயின், செலவாகுமே என்று அஞ்சி மறைக்காமல், அதை அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.